கரண்ட் போன வாரத்துக் கதை

வியாழக்கிழமை ராத்திரிகளில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சண்டை போடமாட்டார்கள். சண்டை ஏதாவது பாக்கி இருந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைக்க வேண்டும். பத்து மணிக்குப் போலீஸ் நாடகம் வரும்.

அந்தத் தொடருக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. வெறும் நாடகம் என்றால் மற்றவை, போலீஸ் நாடகம் என்றால் இது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் அப்போது குடியிருந்தோம். அப்பா ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். நான் ஐந்தாம் வகுப்பு. கேபிள்காரர்கள் டவுனிலிருந்து சில்வர் ஓக் மரங்களின் மேலேயே கம்பி இழுத்துக் கொண்டுவந்து தோட்டத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். காற்றடித்தால் மரம் ஆடும், மரத்தோடு கம்பி ஆடும், கம்பியோடு எங்கள் டி.வி.யில் இன்ஸ்பெக்டரும் ஆடுவார்.

அந்த இன்ஸ்பெக்டரைப் போல ஒருவரை நான் அதற்கு முன் திரையில் பார்த்ததில்லை. சினிமாவில் போலீஸ்காரர்கள் பாட்டுப் பாடினார்கள், பறந்து உதைத்தார்கள். இவர் ஒரு எபிசோடில்கூடச் சிரித்ததில்லை. வயிற்றுவலிக்காரர். மேஜை டிராயரில் வாழைப்பழம் வைத்திருப்பார், கொலை நடந்த இடத்துக்குப் போய்விட்டு வந்து அதை உரித்து மெதுவாகத் தின்பார். அவருடைய ஜீப்பின் ஒரு பக்கக் கதவு சாத்தாது. ஏட்டு எப்போதும் அதைக் கையால் இழுத்துப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருப்பார். இவர்களைத் தவிர அதிகம் பேசாத ஒரு பெண் கான்ஸ்டபிள். கதை நடப்பது ஏதோ ஒரு பட்டணத்தில். அங்கேயும் மழை பெய்துகொண்டே இருக்கும். குற்றவாளி சில வாரம் பிடிபடுவான், சில வாரம் பிடிபடாமலே போய்விடுவான். பிடிபடாத வாரங்களில் அம்மா, "இதுக்கா கண்ணு முழிச்சோம்" என்று சொல்லிக்கொண்டே பாயை உதறுவாள். ஆனால் அடுத்த வியாழக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்வதும் அவள்தான்.

அந்த ஸ்டேஷனில் ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு எரியும். பயமுறுத்துவதற்காக அப்படி வைத்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது. அப்பாவுக்கு அது பயம் தரவில்லை, வேதனை தந்தது. "ஒரு ஸ்டார்ட்டர மாத்தினாப் போதும். இத்தன பேர் உக்காந்திருக்காங்க, ஒருத்தனுக்குத் தோணல பாரு" என்பார். வாராவாரம் சொல்வார். பிணம் கிடக்கும் காட்சியிலும் அவர் கண் விளக்குமேல்தான் இருக்கும்.

நாடகம் முடிந்ததும் எனக்குக் கக்கூஸ் போகவேண்டியிருக்கும். அது வீட்டுக்குப் பின்னால் பத்தடி தள்ளி இருந்தது. அப்பா முதலில் டார்ச் அடித்துக் காட்டெருமை நிற்கிறதா என்று பார்ப்பார். பாதி நாள் நிற்கும். தேயிலைச் செடிக்கு நடுவே ஒரு கறுப்புச் சுவர் மாதிரி நின்று எங்களைப் பார்க்கும். நான் அதைப் பார்த்துப் பயந்ததில்லை. பட்டணத்துக் கொலைகாரன் பஸ் ஏறி வந்து கக்கூஸ் கதவுக்குப் பின்னால் நிற்பான் என்றுதான் பயந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் சூப்பர்வைசருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையோடும் ஒரு பையோடும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பந்தலூரில் மழை ஜாஸ்தி, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மழை விடும்வரை இங்கே இருக்கட்டும் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னாள். எனக்கும் அதையே சொன்னாள். நானும் போய் என் வகுப்பில் அதையே சொன்னேன்.

இன்ஸ்பெக்டரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. யார் வந்தாலும் செருப்பில் என்ன மண் ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். சித்தியையும் துப்பறிந்தேன். வெந்நீர் அடுப்புக்குமுன் உட்கார்ந்தாலும் அவள் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. கை முழுக்க இழுத்துவிட்டுக்கொள்வாள். பந்தலூர் எங்கள் ஊரைவிடத் தாழ்வு, சூடு அதிகம், ஆகவே அவளுக்கு எங்கள் குளிர் பழகவில்லை என்று முடிவுகட்டினேன். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். குழந்தை தூங்குகிறது, சத்தம் ஆகாது என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். என் விடைகள் எல்லாம் அவ்வளவு பொருத்தமாக இருந்தன.

சித்தப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எஸ்டேட்டில் மோட்டார் சைக்கிளில் சுற்றுவார், எங்கள் ஊருக்கு மட்டும் பஸ்ஸில் வருவார். வரும்போதெல்லாம் கேரளா எல்லையிலிருந்து சூடாக வறுத்த நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவருவார். என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுவார். குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார். எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளைகளை இந்த இரண்டை வைத்துத்தான் எடைபோடுவார்கள், இரண்டிலும் அவர் முழு மதிப்பெண் வாங்கியவர்.

சித்தி வந்த பிறகு ஒரு வியாழக்கிழமை போலீஸ் நாடகத்தில் புதுக்கதை ஆரம்பித்தது. கொலை எதுவும் இல்லை. மழையில் நனைந்தபடி ஒரு பெண் சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். என்ன புகார் என்று ஏட்டு கேட்டால், வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அடித்தானா என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் புருஷன் குடையோடு வந்தான். எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். பெண்டாட்டிக்கு டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்திருந்தான். ஏட்டே எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டார்.

"இந்த ஆளப் பாத்தாத் தப்பானவனாட்டம் தெரியலையே" என்றார் அப்பா.

சித்தி குழந்தையை மடியில் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "பாத்தாத் தெரியாதுங்க" என்றாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா பாலை மூடிவைத்தோமா என்று பார்க்கச் சமையல்கட்டுக்குப் போனாள். மூடித்தான் இருந்தது, நானே பார்த்திருந்தேன். வாயே திறக்காத சித்திக்கும் கதை பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்ஸ்பெக்டர் அவனையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அத்தோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் ஃபேக்டரி ஆபீசுக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகச் சொன்னார். அப்பாவும் அம்மாவும் ஒருநாள் மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார்கள். மறுநாள் அம்மா குழந்தையின் துணிகளைத் துவைத்து, வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை மத்தியானமே காற்று ஆரம்பித்துவிட்டது. ரோட்டு வளைவில் நின்ற பெரிய கற்பூர மரம், யூகலிப்டஸ், லைன்மேல் சாய்ந்து, சரிவு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. அப்பா ரெயின்கோட் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு நனைந்து திரும்பினார். "லைன்மேன் வந்தாத்தான் ஆகும். நாளைக்குக் கூட வருவாங்களோ என்னமோ" என்றார். எலக்ட்ரீஷியன் வீட்டில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் அணைந்த டி.வி.யின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். நான்தான் பிடிவாதம் பிடித்து உட்காரவைத்தேன். சித்தியும் உட்கார்ந்திருந்தாள். "இந்நேரம் போட்டிருப்பாங்க" என்றார் அப்பா.

பள்ளிக்கூடத்தில் விசாரித்தேன். யார் வீட்டிலும் கரண்ட் இல்லை. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை மாமா.

மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் பிறந்தவர். ஊட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி ரிசப்ஷனில் இருப்பார். லாட்ஜில் ஜெனரேட்டர் உண்டு. ஆகவே எந்தப் புயலிலும் அவர் போலீஸ் நாடகத்தைத் தவறவிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டி பேக்கரியின் மொறுமொறு வர்க்கி ஒரு பொட்டலத்தோடு வருவார். நாங்கள் தவறவிட்ட கதையை அவர் சொல்லிக் கேட்பது டி.வி.யில் பார்ப்பதைவிட நன்றாக இருக்கும். இன்ஸ்பெக்டரின் குரல், ஏட்டின் இருமல், ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் திணறுவது எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். வாழைப்பழம் உரிப்பதைக்கூட வெறுங்கையால் செய்து காட்டுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். சித்தியின் பை வாசல்பக்கம் கட்டித் தயாராக இருந்தது. மாமா அதைப் பார்த்தார். அம்மா அவரைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். வெளியே வந்தபோது மாமாவிடம் வழக்கமான கேலியெல்லாம் இல்லை. எனக்கு அதைப் பற்றி என்ன கவலை. அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துக் கதை கேட்டேன்.

அப்பா ஜன்னலோரம் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

மாமா எந்தக் குரலும் மாற்றாமல் சாதாரணமாக ஆரம்பித்தார். "அந்தாள் பேசிட்டே இருக்கான். ஊட்ல சமைக்க ஆளில்ல, பையனுக்குப் பரீட்சை வருது, அக்கம்பக்கம் என்ன சொல்லும், இப்படியே. இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தப் பொண்ணுகிட்டத் திரும்பி, 'ஏம்மா, நீ போறியா?'ன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அதுவரைக்கும் அந்த ஸ்டேஷன்ல யாரும் அதக் கேக்கல, கண்ணு. எதுக்கு வந்தே, யாரு சொல்லி வந்தே, அடிச்சானா, ஏன் அடிச்சான், எல்லாம் கேட்டாங்க. போறியான்னு மட்டும் கேக்கல."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"போகலைன்னுச்சு."

அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றிருந்தது.

"அந்த லேடி கான்ஸ்டபிள் எந்திரிச்சு வந்து, பொண்ணோட பையத் தூக்கி உள்ள கொண்டுபோய் வெச்சுட்டா. இன்ஸ்பெக்டர் அந்தாளப் பாத்து, 'அவங்க வரலைன்னு சொல்லிட்டாங்க. டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

"அரெஸ்ட் பண்ணலையா?"

"இல்ல."

"துப்பாக்கிகூட எடுக்கலையா?"

"எடுக்கல கண்ணு."

"நல்லாவே இல்ல, மாமா" என்றேன். பத்து நாள் காத்திருந்ததற்கு இதுவா முடிவு. மாமா வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் ஒன்றை நீட்டினார். நான் கோபத்தோடு அதை வாங்கித் தின்றேன்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் சித்தப்பா வந்தார். வாசலில் குடையை மடக்கி, தண்ணீர் உள்ளே சொட்டாதபடி வெளியிலேயே சாய்த்துவைத்தார். எனக்குச் சிப்ஸ் பொட்டலம் கொடுத்தார். இன்னும் சூடு இருக்கிறதா பார் டீச்சரம்மா என்றார். இருக்காதென்று இருவருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டோம். குழந்தையை எட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "ரெண்டு மணி பஸ்ஸப் புடிச்சாத்தானுங்க சரியா இருக்கும். இருட்டிருச்சுன்னா பந்தலூர் ரோட்டுல யானை நிக்குதுங்க" என்றார்.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். சித்தி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "கெளம்பும்மா, நேரமாகுதல்ல" என்றாள் அம்மா, சித்தியின் முகத்தைப் பார்க்காமல். சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பையின் பிடியைத் தொட்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். வீட்டு விவகாரம் எதிலும் வாய் திறக்காதவர். டியூப் லைட்டைப் பற்றித் தவிர அவர் உறுதியாக அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஏம்மா, நீ போறியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா இன்ஸ்பெக்டராட்டமே கேக்கறாங்க" என்றேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அது வலித்தது. ஆனாலும் அவள் அப்பாவைத் தடுக்கவில்லை.

சித்தி ஏதோ சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை.

"என்னம்மா?" என்றார் அப்பா.

"நான் போகலைங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "ஏதோ கோவத்துல சொல்றாளுங்க. நான் உள்ள போய் ரெண்டு வார்த்த பேசினா சரியாயிருமுங்க."

"பேசறத இங்கியே பேசுங்க" என்றார் அப்பா. "காபி ஆறுது. குடிங்க."

சித்தப்பா சித்தியின் பக்கம் திரும்பினார். அந்த நொடியில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. சித்தியின் முகம் தெரிந்தது. அவள் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். ஆனால் நகரவில்லை. மாமா எழுந்து நடுவில் வந்தார். பையைத் தூக்கி உள் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அந்த அறையின் கதவடியில் உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பா காபியைக் குடித்தார். முழுவதும் குடித்து, தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்து, போய்வருகிறேன் என்று முறையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு எழுந்தார். நான் மட்டும் வளைவுவரை கூடவே போனேன். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. விழுந்த கற்பூர மரத்தைத் துண்டுபோட்டு ரோட்டோரம் அடுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டிப் போனவர் திரும்பிக் கை காட்டுவார் என்று நின்றேன். பனிமூட்டத்துக்குள் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சிப்ஸைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். வேறு யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு நல்ல மனுஷனை வெறும் காபியோடு அனுப்பிவிட்டார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை. மாமா அந்த மொக்கைக் கதையைச் சொன்னதும், அப்பா அதை அப்படியே நடித்துக்காட்டியதும்தான் காரணம் என்று நினைத்தேன். ஒரு மாதம்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா எப்போ வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் வந்தார், பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு. சிப்ஸ் இல்லை. அன்றும் மாமா லாட்ஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கதவடியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அதே கேள்வியைத்தான் கேட்டார். சித்தி அதே பதிலைத்தான் சொன்னாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கும்படி. வந்தவர்களில் ஒருவர் அப்பாவைக் கண்டபடி பேசினார். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார், எழுந்திருக்கவில்லை.

சித்தி எஸ்டேட் பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்களில் தனி வீடு பார்த்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். அந்தக் கைக்குழந்தை இப்போது கோயம்புத்தூரில் நர்ஸ். மாமா காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

போன மழைக்காலத்தில் குன்னூரில் சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். பழைய போலீஸ் நாடகத்தை யாரோ ஒரு புண்ணியவான் முழுக்க இணையத்தில் ஏற்றியிருந்தார். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து இருவரும் பார்த்தோம். டியூப் லைட் இன்னும் விட்டுவிட்டுத்தான் எரிந்தது. ஏட்டு கதவை இழுத்துப் பிடித்திருந்தார். ஒவ்வொன்றாகத் தேடி அந்தக் கதையின் இரண்டாம் பாகத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணை ஒன்றும் கேட்கவில்லை. குடும்பம் என்றால் முன்னேபின்னேதான் இருக்கும் என்று இருவருக்கும் புத்தி சொன்னார். புருஷன் தலையாட்டினான். பெண் கான்ஸ்டபிள் கேட்டைத் திறந்துவிட்டாள். அவர்கள் ஒரே குடையில் நடந்து போனார்கள். மறுநாள் காலையில் ஸ்டேஷனில் போன் அடிக்கிறது. இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்கிறார், நெடுநேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருக்கிறார். உரித்த வாழைப்பழம் மேஜைமேல் அப்படியே கிடக்கிறது. அவ்வளவுதான் கதை.

"மாமா இப்படிச் சொல்லலையே, சித்தி" என்றேன்.

"ஆமா. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மத்தியானம் மறுபடியும் போட்டாங்க. நீ ஸ்கூலுக்குப் போயிட்டே. நானும் உங்கம்மாவும்தான் பாத்தோம். கடைசில அந்தப் போன் அடிச்சதும் உங்கம்மாதான் எந்திரிச்சு டி.வி.ய நிறுத்துச்சு."

"மாமா இதத்தானே பாத்திருப்பாங்க?"

"பாக்காம என்ன. லாட்ஜுலதான் ஜெனரேட்டர் இருந்துச்சே."

"நீங்க அவங்களக் கேக்கவே இல்லையா?"

"என்னன்னு கேக்கறது?" என்றாள் சித்தி. போனை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவைத் திறந்து டீக்குச் சர்க்கரை அள்ளினாள்.

மாமா அன்றைக்குக் கதை சொன்னதை நினைத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார். எண்ணெய்க் கையோடு இருந்த சித்தியைப் பார்த்துச் சொன்னார். சமையல்கட்டில் அம்மாவுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார். என் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கதை கேட்டு நச்சரித்தவள் நான் என்பதால், எனக்குத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.